ஹாஃப் கிளட்ச்சில் ஒரு தாய்மாமன்

எங்கள் பக்கத்தில் ஒரு காருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அதை நடக்கவிடுவார்கள். ஓடுவதற்காகச் செய்த வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, மேளத்துக்குப் பின்னால் ஊரவைத்து, அது கொதித்து நிற்கும்வரை விடமாட்டார்கள். கல்யாணமா, காதுகுத்தா, கட்சிக்காரர் வருகையா, எல்லாவற்றுக்கும் இதே தண்டனைதான். இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறக்கிறேன், ஏனென்றால் போனது என் வண்டி.

என்னிடம் இருப்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையைக் கழற்றி வைக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். நீல நிறம். தல்லாகுளத்தில் வக்கீல் தொழில் செய்கிற நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்காதவர் கிடையாது. கேட்கட்டும். கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் போன்ற சாதாரண ஆட்களையும் அதில் ஓட்டவிட்டு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். போன வருடம் நான்தான் கடைசி. வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. தேய்ந்துபோன கிளட்ச் வழுக்கியது. கல்லூரிப் பையன்கள் என்னைத் தாண்டும்போது "சார், ஓரமா போங்க சார்" என்று கை காட்டினார்கள். அந்த "சார்" எனக்கு ஒரு வருடம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

ஆனையூரில் எனக்கு ஒரு மெக்கானிக் உண்டு. அதிகம் பேசமாட்டார், வேலையில் குறை வைக்கமாட்டார். அவரிடம் வண்டியை விட்டேன். பந்தய வண்டிகளுக்குப் போடும் கிளட்ச் பிளேட் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆனது. அதோடு பின்சக்கரங்களைச் சுழற்றுகிற கிரவுன் பினியனையும் மாற்றினோம். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒவ்வொரு கியரிலும் வண்டி சுண்டி இழுக்கும். வேலை முடிந்த அன்று ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் முதுகு சீட்டோடு ஒட்டியது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். இந்த வருடம் அந்தப் பையன்களை ஒரு கை பார்த்துவிடலாம் என்று நிச்சயமாக நம்பினேன்.

சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் ஒன்று சொன்னார். "அண்ணே, இது பழைய கிளட்ச் மாதிரி கெடையாது. புடிச்சா புடிக்கும், விட்டா விடும், நடுவுல ஒண்ணும் இல்ல. பெடல பாதி மிதிச்சபடி ஹாஃப் கிளட்ச்ல ஊர மட்டும் விட்றாதீங்க. பொகஞ்சுரும்."

நான் எங்கே ஊரப்போகிறேன் என்றேன்.

மறுநாளே என் தங்கையின் கணவர் பேரையூரிலிருந்து போன் செய்தார். அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். சீர்வரிசையோடு நான் ஊர்வலமாக வர வேண்டும், குழந்தையை என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். இதெல்லாம் தெரிந்த விஷயம், நான் தயாராகத்தான் இருந்தேன். தெரியாதது, ஊர்வலத்துக்கு என் காரை அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்பது. விழா வெள்ளிக்கிழமை. கோயம்புத்தூர் ஓட்டம் அதற்கு அடுத்த ஞாயிறு. இடையில் ஒரே ஒரு நாள்.

"மாப்ள, அந்த வண்டி ஊர்வலத்துக்கு ஆகாது. கிளட்ச் கருகிரும்" என்றேன்.

"என்ன மச்சான், வெளையாடுறீங்களா? நாலு எடத்துல பிளெக்ஸ் வச்சாச்சு. அம்புட்டு பேரும் வண்டியப் பாக்கத்தான் வாராய்ங்க."

பிளெக்ஸின் படத்தையும் அனுப்பினார். கும்பிட்ட கையோடு நான். பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஏதோ வெளிநாட்டுக் கார், இணையத்திலிருந்து எடுத்தது. மேலே "தாய்மாமன் ரதம்" என்று கொட்டை எழுத்து. என் வண்டி நீலம் என்பதைக்கூடப் பார்க்காத மனிதர் அதை ரதமாக்கிவிட்டார். குதிரை பூட்டிய சாரட்டு பிடித்துத் தருகிறேன் என்றேன். சாரட்டு எல்லாரும்தான் வைக்கிறார்கள் என்றார். திறந்த ஜீப் என்றேன். ஜீப்பில் எம்.எல்.ஏ. வருவார், மாமன் வருவாரா என்றார். கோர்ட்டில் இப்படி ஒருவர் எதிர்த்தரப்பில் நின்றால் நான் வழக்கையே வாபஸ் வாங்கியிருப்பேன்.

கடைசியில் ஒப்புக்கொண்டேன். தாய்மாமன் குறைவாக வந்தால் பேச்சு என்னைச் சுற்றாது, என் தங்கையைத்தான் சுற்றும். அவள் மாமியார் வீட்டில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். அவளுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று என் மனைவியிடம் சொன்னேன், மெக்கானிக்கிடம் சொன்னேன், வண்டியிடமும் சொன்னேன்.

ஊர்வலம் பேரையூர் முக்கில் இருந்த பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை. நடந்தால் பத்து நிமிடம். முன்னால் செண்டை மேளம், அதற்கு முன்னால் வெடி, பின்னால் சீர்த்தட்டுகளோடு பெண்கள், நடுவில் நான். என் பக்கத்து சீட்டில் பட்டுப்பாவாடையோடு, காதைப் பொத்திக்கொண்டு குழந்தை. ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். ஊர்ந்து போகக் கூடாது. முன்னால் முப்பது அடி இடம் விழும்வரை நின்று, கிளட்ச்சை முழுதாக விட்டு ஒரே மூச்சில் போய், மறுபடி நிற்க வேண்டும். ஆனால் முப்பது அடி காலி இடத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்குமா? பத்து இளவட்டங்கள் அதில் புகுந்து ஆட ஆரம்பித்துவிடுவார்கள். ஹாரன் அடித்தேன். அதற்கும் ஆடினார்கள்.

வேறு வழியில்லாமல் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வண்டி உதறியது. முன்னும் பின்னும் குலுங்கி, மூக்கைத் தூக்கித் தூக்கி இறக்கியது. மேளத்துக்கு ஏற்ப அது ஆடுவதாகக் கூட்டம் நினைத்துவிட்டது. "காரு ஆடுதுடா!" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. நூறு போன்கள் மேலே எழுந்தன. வேதனையில் உதறுகிற இயந்திரத்தைப் பார்த்து "ஒன்ஸ்மோர்" கேட்ட கூட்டத்தை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பாதி தூரத்தில் வாடை வந்தது. கிளட்ச் கருகும் வாடையை ஒருமுறை முகர்ந்தவன் மறக்கமாட்டான். வெடிப்புகையில் வேறு யாருக்கும் தெரியவில்லை. என் தங்கைக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் என் பழைய கார்களில் என்னோடு சுற்றியவள் அவள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி வந்து கதவைப் பிடித்தாள்.

"அண்ணே, கருகுது. ஆஃப் பண்ணு. பிள்ளையத் தூக்கிட்டு எறங்கி நடந்து வா."

"உங்க வீட்டு ஆளுக என்ன சொல்லுவாங்க?"

"என்னமும் சொல்லிட்டுப் போறாங்க. நான் பாத்துக்கிறேன். எறங்குண்ணே."

அப்போது ஒரு பையன் பானெட்டுக்கு முன்னால் மண்டியிட்டுப் படம் எடுத்தான். "மாமா, இன்னொருக்கா ஆடவிடுங்க மாமா!" மறுபடியும் விசில். நான் தங்கையிடம் "நீ போத்தா, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை உறுமவிட்டேன். வண்டி இன்னொரு முறை ஆடியது.

மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. அடியிலிருந்து புகை வந்தது. அதற்கும் கைதட்டினார்கள். இளவட்டங்கள் தள்ளிக்கொண்டு போய் மண்டப வாசலில் நிறுத்தினார்கள். தங்கையின் கணவர் வேர்வையைத் துடைத்துவிட்டு, "அடுத்த தடவை பெரிய வண்டியா வாங்குங்க மச்சான், இதுல ரெண்டு பேருதான் உக்கார முடியுது" என்றார்.

அத்தோடு என் பொறுமை போனது. சாப்பாட்டுப் பந்தி ஓரத்தில் நின்று எல்லோரையும் திட்டினேன். பிளெக்ஸ் அடித்தவரை, வெடி போட்டவரை, ஆடியவர்களை, படம் எடுத்தவர்களை, ஒருவரையும் விடவில்லை. மூன்று மாதம் காத்திருந்து வந்த பிளேட், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எல்லாம் புகையாய்ப் போனதே என்று கத்தினேன். "என் தங்கச்சி மொகத்துக்காக இம்புட்டையும் தாங்கிக்கிட்டேன்" என்று முடித்தேன். பந்தியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். இரண்டு பெரியவர்கள் கண்கலங்கக்கூடச் செய்தார்கள்.

தங்கை தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எனக்காகன்னு சொல்லாதண்ணே. நான் எறங்கச் சொன்னேன். அவிங்க விசிலடிச்சாய்ங்க, நீ எறங்கல."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். இன்றைக்கும் எல்லோர் மேலும் கோபமாகத்தான் இருக்கிறேன், அவள் மேல் கொஞ்சம் கூடுதலாகவே.