சடையின் மேல்முனை

நான் வேலை பார்க்கும் பள்ளியின் நூலகத்துக்கு வந்த பெட்டியை நேற்றுப் பிரித்தேன். மேலாக இருந்த சிறுவர் நாவலின் அட்டையில் அதே கோபுரம், ஜன்னலிலிருந்து தொங்கும் அதே நீளச் சடை. வாசலே இல்லாத கோபுரத்தில் சூனியக்காரி பூட்டி வைத்த பெண்ணின் பழைய கதைதான். ஆனால் இதில் கோபுரம் நடுக்கடலில் நிற்கும், சடை வாய் திறந்து பேசும். புத்தகத்தில் புது மை வாசனை. எனக்கோ டீசலும் சங்குக் கவிச்சியும் மணத்தன.

எட்டாம் வகுப்பில் நான் வீட்டுக்குக் கொண்டுபோன இதே நாவலின் பிரதிக்கு அந்த மணம் ஏறியிருந்தது. அப்பா சங்கு குளிப்பவர். அவர் கடலடியில் இருக்கும்போது வள்ளத்தில் நின்று அவர் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பவர் அம்மாவின் தம்பி, என் மாமா. எங்கள் பக்கம் அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். அக்கா தாலி சம்பந்தப்பட்ட கயிற்றை எந்தத் தம்பி விடுவான்? குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவள் என்ற மிதப்பில் நான் இருவருக்கும் தினமும் சத்தமாக வாசிப்பேன். பேசுமா பார்ப்போம் என்று தேங்காய் நார்க் கயிற்றைத் தலையில் பின்னிக்கொண்டது வேறு நடந்தது. அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வருஷத்தோடு என் படிப்பை நிறுத்துவதாக இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு டவுனுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளை தனியாகவா என்று அப்பாவுக்குப் பயம்.

இளவரசன் சடையைப் பிடித்து ஏறும் கட்டத்தில் அப்பா குறுக்கிட்டார்.

"ஏளா, மேல பிடிச்சிருக்கது யாரு?"

"அந்தப் பிள்ளைதாம்ப்பா. அவ சடைதான."

"அப்போ அவ எறங்கணும்னா, யாரு பிடிப்பா?"

"யாருமில்ல."

"மச்சினனே இல்லாத ஊரா இருக்கும்" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. "ஒரு பிள்ளைய இப்படியா பூட்டி வைப்பா, பாவி!"

"ஏன் அத்தான், நீங்க மட்டும் என்ன செய்யப் போறீய?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவளுக்கு யாருலே பிடிப்பா?"

"நான் பிடிக்கேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நிப்பேன். ஒங்க கயித்த என்னைக்காவது விட்டிருக்கனா?"

நின்றார். நான் கல்லூரி முடிக்கும்வரை நின்றார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் சடையை வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு இழுப்பார். கடலடியில் இருப்பவரை மேலே கூப்பிடும் கயிற்றுச் சைகை அது. பஸ்ஸே சிரிக்கும், எனக்கு மானம் போகும்.

இப்போது அப்பா கடலுக்குப் போவதில்லை, வள்ளத்தை விற்றாயிற்று. ஸ்டாப் இருந்த இடத்தில் பாலம் வந்துவிட்டது. நானும் வேலையில் சேர்ந்ததும் முடியைத் தோளளவாக வெட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்தால் மாமா காற்றில் இரண்டு இழுப்பு இழுக்கிறார். பிறகு வெறுங்கையை விரித்துக் காட்டுகிறார்.