லாயாங் லாயாங் கிளையின் மூவாயிரத்து இருநூறு வெள்ளி

பெருமாள் அண்ணன் அந்தப் பணத்தைத் தொலைக்கவில்லை. எடுக்கவும் இல்லை. என் கையில்தான் கொடுத்தார். அது எனக்குத் தெரியும்... தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்!

இதை உங்களிடம் சொல்வதற்கே எனக்கு நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நல்லவள் என்று என்னை நினைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

எங்களுடையது ஒரு தியானச் சங்கம். மாசாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் தலைமையகம். மெர்சிங்கில் ஒரு கிளை, லாயாங் லாயாங்கில் ஒரு கிளை. உறுப்பினர் சந்தா மாதம் பத்து வெள்ளி. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைக் கணக்கெழுதிப் பழகிய என்னையே பொருளாளராக வைத்திருந்தார்கள். இது நடந்தது என் பதினோராவது ஆண்டில். ஒரு சென் காசுகூடப் பிசகியதில்லை என்று தலைவர் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் எத்தனை கர்வம்!

பெருமாள் அண்ணன் லாயாங் லாயாங் கிளையைக் கவனித்துக்கொண்டவர். பள்ளி வேன் ஓட்டுபவர். அவருடைய வீட்டுக் கூடத்தில்தான் பதினான்கு பேர் ஞாயிறுதோறும் தியானத்துக்கு உட்காருவார்கள். கட்டட நிதிக்காக அந்தப் பதினான்கு பேரும் ஓராண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்தது மூவாயிரத்து இருநூறு வெள்ளி.

ஆண்டுக் கூட்டத்தன்று, அன்னதானம் நடந்துகொண்டிருந்த வேளையில், அதை ஒரு பழுப்பு உறையில் கொண்டுவந்து நீட்டினார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"வச்சிட்டுப் போங்கண்ணே, ரசீது அப்புறம் எழுதித் தர்றேன்" என்றேன்.

உறையை வாங்கி, மாசாய்க்காரர்களின் அன்றைய வசூல் இருந்த தகரப் பெட்டிக்குள் போட்டேன். மறுநாள் எல்லாவற்றையும் ஒன்றாகவே வங்கியில் கட்டினேன். ரசீதை மறந்தேன். உறையை மறந்தேன். அவர் வந்ததையே மறந்துபோனேன்!

இரண்டு மாதம் கழித்துக் கிளைவாரியாகப் பட்டியல் போட்டபோது லாயாங் லாயாங்குக்கு நேரே ஒன்றுமே இல்லை. தலைவர், பெருமாள் அண்ணனுக்குப் போன் செய்தார். "தங்கச்சி கையிலதான குடுத்தேன்" என்றாராம். என்னைக் கேட்டார்கள். இல்லையே என்றேன். அன்று நான் பொய் சொல்லவில்லை. இந்தக் கதையில் நான் குற்றமற்றவளாக இருந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

விசாரிக்கச் செயற்குழு கூடுவதற்கு மூன்று நாள் முன்பு, மதியம் சாப்பிட்டுவிட்டு, மாசாய் வசூலை ரசீது அடிக்கட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வங்கியில் கட்டியது கூடுதலாக இருந்தது. எவ்வளவு கூடுதல்? சரியாக மூவாயிரத்து இருநூறு வெள்ளி.

பழுப்பு உறை, அதைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை, அண்ணனின் வியர்த்த முகம்... எல்லாம் ஒரே நொடியில் திரும்ப வந்தன.

உடனே போனை எடுத்திருக்கலாம். "தலைவரே, தப்பு என்னுது" என்று மூன்று சொல்! ஏன் எடுக்கவில்லை? பணத்துக்கு ஆசைப்பட்டா? ஒரு காசும் என் வீட்டுக்கு வரவில்லை. பதினோரு ஆண்டுப் பெயர்... அதற்காகத்தான்! அதற்குள் "பெருமாள் எடுத்திருப்பானோ" என்று நாலு பேர் பேசிக்கொண்டதும், நான் மறுக்காமல் நின்றதும் நடந்து முடிந்திருந்தன. இனி எப்படிச் சொல்வது என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். நான் பேனாவை எடுத்தேன். அந்தக் கூடுதல் தொகைக்கு நேரே "பெயர் வெளியிட விரும்பாத அன்பர் நன்கொடை" என்று எழுதினேன். தணிக்கையாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

செயற்குழுவில் அண்ணன் என்னையே பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, நல்லா யோசிச்சுப் பாருங்க. கிச்சன் பக்கம் நின்னீங்க. கையில சாம்பார் கரண்டி. அப்புறம் எழுதித் தர்றேன்னு சொன்னீங்கல்ல?"

"ஞாபகம் இல்லைண்ணே."

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. "பதினாலு பேரு காசு. நானே கட்டிடறேன்" என்றார். மாதம் நானூறு வெள்ளியாக எட்டு மாதம் கட்டினார். எட்டு ரசீதுகள். எட்டிலும் என் கையெழுத்து! இம்முறை ஒரு ரசீதைக்கூட நான் மறக்கவில்லை.

கட்டி முடித்த மாதமே உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதினார். அவர் வீட்டுக் கூடம் போனதும் கிளைக்காரர்களுக்கு உட்கார வேறு இடம் இல்லை. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கிளையை மூடுவதென்று இவ்வாண்டு முடிவாயிற்று. கிளையின் வங்கிக் கணக்கு இன்னும் அண்ணன் பெயரிலேயே இருந்ததால், அதை மூட அவருடைய கையெழுத்து தேவைப்பட்டது. போன மாதம், படிவத்தோடு நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். இன்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அண்ணன் வாசலுக்கே வந்துவிட்டார். "அலமாக், தங்கச்சியா! வாங்க வாங்க" என்று அதே பழைய குரல். அண்ணி பால் ஊற்றாத தேநீராகத் தே ஓ கலக்கிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சமையல் கேஸ் சிலிண்டர் போடுபவர் வந்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து எடுத்த நோட்டுகளை அப்படியே அண்ணியிடம் நீட்டி, "நீயே எண்ணிக் குடும்மா" என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பி, "இவரு இப்ப காசு எண்ணுறதே இல்லம்மா. எண்ணினா சரியா இருக்காதுன்னு அவரா நெனச்சுக்கிறாரு. வேனையும் வித்தாச்சு. பிள்ளைங்கள எங்கயாச்சும் மறந்து விட்டுடுவேனோன்னு பயம்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஐயோ!

அண்ணன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் தங்கச்சி. அந்தக் காசை உங்ககிட்ட குடுத்தேன்னு அவ்வளவு பேரு முன்னாடி சொல்லிட்டேன். அப்புறம் வீட்டுல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். உங்க கணக்கு தப்பாது. நான்தான் எங்கயோ விட்டிருக்கணும், குடுத்த மாதிரி எனக்கே ஒரு நெனப்பு. உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிடுங்கம்மா."

கை கூப்பினார்.

அண்ணி நின்றுகொண்டிருந்தார். தே ஓ ஆறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த சொற்கள் தொண்டைவரை வந்தன. அவர் கண்கள் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தன. என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா உங்களுக்கு?

"பரவாயில்லைண்ணே."

ஆம்... நான் அவரை மன்னித்தேன்!

அவர் முகம் தெளிந்தது. கார்வரை வந்து, பார்த்துப் போங்கள் என்று சொல்லி, தெருமுனை திரும்பும்வரை நின்றார்.

படிவத்தை வங்கியில் கொடுத்துக் கணக்கை மூடிவிட்டேன். இந்த ஆண்டும் போட்டியின்றி என்னையே பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள், கை தட்டினார்கள். முகம் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அங்கே ஒரு மனிதர் தம் கையிலிருக்கும் நோட்டுகளை நம்பாமல் மனைவியிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார்... அவரிடம் இன்னும் சொல்லவில்லை.