வௌவால் கறி

செங்கம் சாலைப் புளியமரத்தடியில் பேருந்துக்கு நிற்கிறேன். மேலே வௌவால்கள். கீழெல்லாம் எச்ச நாற்றம். எனக்கு அது அம்மாவின் ஞாபகம்.

சின்ன வயதில் மலையில் இருந்தபோது எனக்கு மூச்சிழுப்பு. வௌவால் கறி தின்றால் நிற்கும் என்று மாமா ஒன்றை உயிரோடு பிடித்துவந்தார். அதன் மார்பில் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் மடியிலும் தம்பி பால் குடித்துக்கொண்டிருந்தான்.

“வுட்டுடுண்ணா” என்றாள் அம்மா.

“பறவைக்குப் போய் பாவம் பாக்கறியே, பொண்ணு மூச்சு இன்னா ஆவறது?”

“எந்தப் பறவைண்ணா பால் குடுக்குது? இது நம்ம வகையறா. புள்ளகாரிய அறுக்காத.”

மாமா திட்டிக்கொண்டே விட்டார். அம்மா அழுதபடி என் முதுகை நீவினாள்.

அந்தக் கறி வைத்தியம் சுத்தப் பொய். அம்மா அதை நம்பினாள். நம்பியும் விடச் சொன்னாள்.

“இந்த மரத்த வெட்டணும்” என்கிறான் பக்கத்தில் நிற்பவன்.

“வாய மூடு” என்கிறேன். மேலே தொங்குவது எங்கள் வகையறா.