பொம்மைகளின் முதுகில் இருந்த பசை

எனக்கு எழுபத்தி நாலு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், எங்கள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டியே சாப்பிடலாம் என்று தெருவே சொல்லும். அந்தப் பெருமைதான் போன வருடம் ஆயுத பூஜைக்கு என்னைக் கவிழ்த்தது.

என் கடைசி மகளுக்கு முப்பது வயதில் பார்வை போய்விட்டது. வேலைக்குப் போகிறாள். ஆனாலும் எதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். விடுமுறை நாளில் மட்டும் அவளோடு வேலை பார்க்கிற ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். இருவரும் மேசையில் அட்டையை விரித்து, விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை விளையாட்டு ஆடுவார்கள். மகள் சிரிப்பது தெரு வரைக்கும் கேட்கும். பார்வை இல்லாமல் எப்படி ஆடுகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பூஜைக்கு முதல் நாள் அரிவாள்மணை, தையல் மிஷின் என்று எல்லாவற்றையும் கழுவினேன். பொம்மைகளையும் விடவில்லை. முதுகெல்லாம் பசை சொட்டிக் காய்ந்து கிடந்தது. சோப்பு நீரில் ஊறவைத்து, நகத்தால் சுரண்டிப் பளிச்சென்று துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

மறுநாள் பூஜை முடிந்து ஆட உட்கார்ந்தார்கள். மகள் ஒரு பொம்மையை எடுத்துத் தடவினாள். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"அம்மா, இதுங்க முதுவுல புள்ளி புள்ளியா இருந்துச்சே, எங்க?"

"அந்த அழுக்கா? சுரண்டிப் போட்டேன்டி. இப்ப எப்பிடி மினுக்குது பாரு!"

"சிப்பாய்க்கு ஒண்ணு, குதிரக்காரனுக்கு ரெண்டு, தளபதிக்கு மூணுன்னு நான் வெச்ச பசைம்மா அது. எல்லாம் ஒரே அச்சு, கலருதான் வேற. கலர நான் எங்க பாக்குறது?"

வந்த பெண் பதறிப்போய், "நான் எது எதுன்னு சொல்றேன்க்கா, ஆடு" என்றாள்.

"என் படைய நீ சொல்லி நான் நகத்தணுமா? இங்கயுமா?"

மகள் பெட்டியை மூடிவிட்டாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வூட்ட சுத்தமா வெச்சது ஒரு குத்தமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து பெட்டி பீரோ மேலேயே கிடக்கிறது. அதை மட்டும் நான் தூசி தட்டுவதில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கழுவியிருக்கலாமே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொள்கிறது.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்திதான் எழுதுகிறாள். எழுதிட்டியா கண்ணு? முதல்லேருந்து ஒரு தடவ படி. சத்தமாவே படி, அத்த உள்ளதான் இருக்கா.