நைனாவின் இன்ஜினுக்கு ஒரு பாட்டில் டானிக்

டீசலில் மருந்து கலந்தால் இன்ஜின் கெடாது என்று பெட்ரோல் பங்கில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். எழுபதுகளில், மரக்காணத்து உப்பளத்தில், அந்த ஆராய்ச்சியை என் வீட்டுக்காரர் செய்து முடித்துவிட்டார். முடிவு என்னவென்றுதான் எனக்கு இதுவரைக்கும் தெரியவில்லை.

கல்யாணமான புதிது. அவர் குத்தகைக்கு எடுத்திருந்த அளத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பழைய இன்ஜின் மார்கழியோடு கண்ணை மூடியது. தண்ணீர் ஏறாவிட்டால் பாத்தி காயும். பாத்தி காய்ந்தால் அந்த வருஷம் உப்பு இல்லை. பெருமுக்கல்லில் எங்கள் அப்பாவிடம் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. மாசியில் அவர் கிணறு வற்றினால் ஆடி மழை வரைக்கும் அது சும்மாதான் நிற்கும். கேட்டுப் பார்க்கலாம் என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். தங்கமான மனுஷர், ஆனால் இரவல் கொடுத்த பொருள் விஷயத்தில் பொல்லாதவர். அக்கா வீட்டுக்காரர் உழவுக்கு வாங்கிப்போன மாடு நொண்டிக்கொண்டு திரும்பியதற்காக, அக்கா பிள்ளையின் காதுகுத்துக்குக்கூட அவர் போகவில்லை. அதிலிருந்து அக்காவும் அந்த வாசலை மிதிப்பதில்லை. நானோ அப்போது முழுகாமல் இருந்தேன். தலைப்பிரசவத்துக்கு அந்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

“எடுத்துட்டுப் போ. ஆனா எப்படிப் போவுதோ அப்படியே திரும்பி வரணும்” என்றார் நைனா. மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“வரும் நைனா” என்று சொல்லிவிட்டேன்.

அளத்துக் காற்றைத் தெரிந்தவர்கள் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார்கள். அது பூட்டைத் தின்னும், தாழ்ப்பாளைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும். இன்ஜின் வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மசக்கை என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துப் பாண்டிச்சேரியிலிருந்து ஓர் ஏஜெண்டு வந்து சேர்ந்தார். பையிலிருந்து சிவப்பாக ஒரு பாட்டிலை எடுத்தார். “இன்ஜின் டானிக்குங்க. டீசல்ல ஒரு மூடி கலந்தா உள்ள துரு ஏறாது, கரி புடிக்காது. ப்ரூப் இருக்குது” என்றார். அந்த ப்ரூப் இரண்டு ஆணிகள். டானிக்கில் ஊறியதாம் ஒன்று, பளபளவென்று இருந்தது. ஊறாதது துருப்பிடித்துக் கிடந்தது.

“ரெண்டும் ஒரே நாள்ல வாங்கின ஆணின்னு யாரு பாத்தது?” என்று கேட்டேன்.

“அம்மா ரொம்ப வெவரமா பேசுறாங்க சார்” என்று அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, பாட்டிலை வாங்கிவிட்டார். இவ்வளவு பேசிய எனக்கும் அதைக் கையில் வாங்கியதும் ஒரு தைரியம் வந்தது. பயந்தவளுக்கு எது கிடைத்தாலும் சாமிதான்.

அடுத்து நடந்தது உப்பளத்தில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து. எங்கள் ஆட்களுக்கு உலகத்தில் உள்ள உண்மையெல்லாம் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயில் தெரியும். அடியில் குண்டு வைத்த குழாய் அது. தண்ணீரில் உப்பு ஏற ஏற மேலே எழும்பி நிற்கும். எந்தத் தண்ணீரை எப்போது பாத்தியில் விடுவது என்று அதுதான் சொல்லும். அதைப் பாலில் போட்டுப் பார்த்துப் பால்காரரோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் அதை டீசல் டின்னில் போட்டார். குழாய் நேரே அடிக்குப் போய்விட்டது.

“பாத்தியா, இந்த டீசல்ல சத்தே இல்ல” என்றார்.

ஒரு மூடி டானிக் ஊற்றிக் கலக்கினார். குழாய் எழும்பவில்லை. இன்னொரு மூடி ஊற்றினார்.

“ஏங்க, அது உப்புத் தண்ணிக்குச் செஞ்சதுங்க. டீசலுக்கு எப்படிங்க சொல்லும்?”

“எதுவா இருந்தா என்னா? சத்து ஏறினா கொழாய் ஏறணும்ல?”

பாட்டில் காலியாயிற்று. குழாய் ஏறவில்லை. “கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு” என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அந்தக் கலவையை அப்படியே டேங்கில் ஊற்றி, கற்பூரம் காட்டி, கைப்பிடியைச் சுற்றினார்.

இன்ஜின் இரண்டு தரம் இருமியது. கொக்குக் கூட்டம் எழும்பியதுபோல் வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது. பிறகு குலுங்கி, நின்றுவிட்டது.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா வீட்டுக் காதுகுத்துதான் கண்முன்னால் வந்தது. “எங்க அப்பா வீட்டுக்கு நான் இனி எந்த மூஞ்சியோட போவேன்? புள்ளய இந்த உப்பு மேட்டுலயா பெத்துக்கறது?” என்று கத்தினேன். பக்கத்து அளங்களில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. டேங்கைக் கழற்றி, அந்தச் சிவப்புத் தண்ணீரை வடித்து, நல்ல டீசல் விட்டு அலம்பினார். நான் குடிசைக்குள் போய், என் பழைய மெல்லிய நூல்புடவை ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்துப் புனலில் கட்டினேன்.

“இனிமே இதுல வடிகட்டாம ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது.”

“சரி” என்றார். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு சீக்கிரம் அவர் சரி சொன்னதில்லை.

மறுபடியும் கைப்பிடியைச் சுற்றினார். இருமியது, கரும்புகை விட்டது, பிறகு பிடித்துக்கொண்டது. பம்புக் குழாயில் தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுந்ததைப் பார்த்ததும் எனக்குப் பசித்தது. அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏஜெண்டு அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கோடை முழுக்க இன்ஜின் வெறும் டீசலில்தான் ஓடியது. டீசல் பீப்பாயை ஒரு நாள் அசையாமல் வைத்து, மேலாக மொண்டு, புடவைத் துணியில் வடிகட்டி ஊற்றினோம். துணியில் தங்கிய மணலையும் துருத் தூளையும் அவருக்குக் காட்டாமல் நான் விட்டதே இல்லை. வேலை முடிந்ததும் இன்ஜினை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடுவேன். ஆனாலும் உள்ளே என்ன ஆகியிருக்கிறதோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அந்த வெள்ளைப் புகை கனவில்கூட வந்தது.

உப்பு நன்றாக விளைந்தது. ஆனிக் கடைசியில், வளைகாப்பு முடிந்த கையோடு, இன்ஜினையும் என்னையும் ஒரே மாட்டுவண்டியில் ஏற்றிப் பெருமுக்கல்லுக்கு ஓட்டினார்கள். இரண்டு பேருக்கும் அடியில் வைக்கோல் போட்டிருந்தது. நைனா வந்து முதலில் இன்ஜினைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் “வாம்மா” என்றார்.

மறுநாளே திண்டிவனத்திலிருந்து ஃபிட்டரை வரவழைத்துவிட்டார். இன்ஜினின் தலையை ஃபிட்டர் கழற்றியபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார்.

“சுத்தமா இருக்குதுங்க. உப்பளத்துல ஓடுனதுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க.”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அவ்வளவு லேசாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

“இப்ப எதுக்கு அழுவுற? எப்படிப் போச்சோ அப்படியே வந்துடுச்சு” என்றார் நைனா.

என் வீட்டுக்காரருக்கு உடனே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “டானிக் ஊத்தினோம் மாமா. ஒரு பாட்டில், முழுசா!” என்றார்.

“அத வடிச்சுக் கொட்டியாச்சு. காப்பாத்தினது என் பொடவத் துணி” என்றேன்.

“உள்ள போன கொஞ்சம் போதாதா? அதுதான் கோட முழுக்கக் காத்துது” என்றார் அவர்.

“ரெண்டும் இல்ல. இது எப்பவும் நல்ல இன்ஜினு” என்றார் நைனா.

இன்றுவரை இதற்குத் தீர்ப்பு இல்லை. நிரூபிக்க வேண்டுமென்றால் ஒரே மாதிரி இரண்டு இன்ஜின் வேண்டும், ஒரே காற்று, ஒரே டீசல், ஒன்றில் மட்டும் மருந்து. எங்களிடம் இருந்ததோ ஒன்று. அதுவும் இரவல்.

ஆனால் நைனா யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளையிடம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பாட்டில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அதை மோட்டார் கொட்டகையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறக்கவே இல்லை. நான் பார்த்துக் கேட்டபோது, “இருக்கட்டும், ஒரு தெம்பு” என்றார். அவர் டீசல் ஊற்றும் புனலில் மட்டும் என் புடவைத் துணி கட்டியிருந்தது.

ஆடியில் எனக்குப் பெண் பிறந்தது. நைனா கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பெரியவளுக்கும் ஆள் அனுப்பு” என்று அம்மாவிடம் சொன்னார். அக்கா வந்து, படியேறாமல் வெளியிலேயே தயங்கி நின்றாள். நைனா எழுந்து கொட்டகைக்குப் போய், அந்தப் பாட்டிலை எடுத்துவந்து அவளிடம் காட்டினார்.

“இது அப்பவே கெடச்சிருந்தா அந்த மாட்டுக்கும் ரெண்டு சொட்டு குடுத்திருக்கலாம்” என்றார்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அப்படியே படியேறி உள்ளே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.