நகராத வண்டியில் ஒரு சீசன்

வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகராமல் மணிக்கு இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதுதான் என் தொழில். ஓர் இரும்புச் சட்டம், அதில் பழைய கார் சீட்டு, கையில் ஸ்டீரிங், காலுக்கு மூன்று பெடல், எதிரே கம்ப்யூட்டர் திரையில் ரேஸ் டிராக். என்னோடு போட்டி போடும் இருபது பேரும் இருபது ஊர்களில் இதே மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். லீக் உண்டு, விதிமுறை உண்டு, நடுவர்கள் உண்டு, தப்பு செய்தால் தண்டனை உண்டு. பி.எஃப். மட்டும்தான் கிடையாது.

பார்க்கிற வேலையை நாலு பேருக்குப் புரியவைக்க முடியாமல் கல்யாணப் பந்தியில் தலையைக் குனிந்து சாப்பிட்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இது உங்களுக்காக எழுதியது.

முதலில் என் தலைக்கு மேல் தொங்கிய கத்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் லீக்கில் இரண்டு பிரிவுகள். நான் இரண்டாம் பிரிவு. சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலில் முதல் நான்கு பேர் முதல் பிரிவுக்குப் போவார்கள். அங்கே போனால்தான் டீம்கள் சம்பளத்துக்கு எடுக்கும். அப்பாவுக்கு ஏரலில் பாத்திரக்கடை. அவர் எனக்குக் கொடுத்த கெடு ஒரே ஒரு சீசன். மேலே போகவில்லையென்றால் ஸ்டீரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு எவர்சில்வர் குடங்களுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பந்தியில் ஒரு கேள்வி

சீசன் தொடங்கிய மாதம் ஏரலில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் ஓட்டப்பிடாரத்து மாமா ஒருவர். "மருமவனே, இப்ப என்ன சோலி பாக்கிய?" என்றார். "ரேஸ் கார் ஓட்டுதேன் மாமா" என்றேன். கார் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார். கார் கிடையாது, கம்ப்யூட்டரில்தான் என்றதும் அப்பளத்தை அப்படியே இலையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்கிற பார்வை.

எதிர்வரிசையில் இருந்த அப்பா அவசரமாக, "கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்" என்று முந்திக்கொண்டார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மாமாவோ நிம்மதியாக அப்பளத்தை நொறுக்கி, பாயசத்தில் போட்டுக்கொண்டார்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்ம வீட்டு பிரிண்டர் ஒரு மாசமா பேப்பரைக் கடிச்சுக் கடிச்சுத் துப்புது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்!"

மூன்று மூட்டை உப்பு

ரேஸ் காரில் பிரேக் என்பது தொட்டால் பிடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஏறி மிதிக்க வேண்டும். நான் மிதிக்கிற மிதியில் சட்டமே சீட்டோடு சேர்ந்து பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். தூத்துக்குடியில் நானும் மனைவியும் குடியிருக்கும் மாடிவீட்டில் வழவழவென்று மொசைக் தரை. துளை போட்டு ஆணி அறைய வீட்டுக்காரர் விடமாட்டார். கீழ்வீட்டு தங்கராஜ் அண்ணாச்சியிடம் புலம்பினேன். துறைமுகத்துக்குள் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். ஆறுமுகநேரி உப்பளத்தில் அவருடைய மச்சான் இருந்தார். மூன்று மூட்டை உப்பு வந்து இறங்கியது. சட்டத்துக்குப் பின்னால் சுவரோடு சேர்த்து அடுக்கினேன். மலை மாதிரி நின்றது. நாலு மாதம் ஓர் அங்குலம் அசையவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தது. வெளியே இரண்டு நாளாக மழை. அன்றைய ரேஸில் மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். நீண்ட நேர்ரோட்டின் முடிவில் பிரேக்கை மிதித்தால், கார் நிற்பதற்குப் பதிலாக நான் பின்னால் போகிறேன்! சட்டம், சீட்டு, நான் எல்லோருமாக வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டினோம். திரையில் என் கார் டிராக் ஓரத்து ஜல்லிக்குள் பாய்ந்து புதைந்தது. குனிந்து பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். ஈரக்காற்றைக் குடித்த உப்பு கசிந்து கசிந்து, மூட்டைகள் பாதியாக இளைத்திருந்தன. பிறந்தது முதல் உப்புக்காற்றை மூச்சாக விட்டவன், உப்பு நீர்விடும் என்பதை மறந்துபோனேன். அந்த ரேஸில் ஒரு புள்ளிகூட இல்லை. பட்டியலில் ஒன்பதாவது இடத்துக்கு இறங்கினேன்.

சத்தம் கேட்டு மேலே வந்த அண்ணாச்சி நனைந்த தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏலே கணேசா, மழைக்காலத்துல எவனாச்சும் உப்பை வெறுந்தரையில வைப்பானாலே? இதை வெளிய சொல்லிராத, ஊருக்கே கேவலம்!"

அண்ணாச்சி ஓட்டிய ஒரு சுற்று

உப்புக்குப் பதில் இரும்புக் கட்டைகள் வந்தன. அவற்றைக் கொண்டுவந்து வைத்த அண்ணாச்சிக்கு அன்று ஓர் ஆசை. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். நாற்பது அடி நீள டிரெய்லரைக் கப்பல் ஓரமாக ரிவர்ஸில் கொண்டுபோய்ச் சொருகுகிற மனுஷர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். முதல் வளைவிலேயே புல்வெளி. இரண்டாவது வளைவில் சுவர். மூன்றாவதில் எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றே விட்டார். ஒருவழிப் பாதை அண்ணாச்சி என்றேன். "அதெப்படிலே நம்பிப் போறது?" என்றார்.

பிறகு நான் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் அவர் திரையைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, பிரேக் மிதித்த இடது கெண்டைக்கால் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. "லோடு எறக்குனவன் மாதிரில்லா வேத்திருக்கு" என்று ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தார். இது வேலைதான் என்று முதன்முதலாக ஒப்புக்கொண்ட ஆள், வேலை தெரிந்த ஓர் ஆள். எனக்கு அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை. ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. மாடிப்படி இறங்கும்போது நின்று திரும்பிக் கேட்டார்.

"வண்டி நல்ல வண்டிதான். ஹாரனே இல்லாம இத்தனை பேரு எப்படிலே ஓட்டுதிய?"

கரண்ட் இல்லாத சனிக்கிழமை

உப்புப் பட்ட அடியிலிருந்து ஒவ்வொரு ரேஸாக ஏறி வந்தேன். ஒன்பது ஏழாயிற்று, ஏழு ஐந்தாயிற்று. கடைசிக்கு முந்தின ரேஸ் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அதே சனிக்கிழமை எங்கள் தெருவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரித்து அனுப்புகிற ஊரில் எனக்கு மூன்று மணி நேரக் கரண்ட் கிடைக்கவில்லை. சரி, குடங்களுக்கு நடுவே ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று படுத்துவிட்டேன்.

என் மனைவி செல்வி துறைமுக ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். "எந்திரிங்க. எங்க ஆபீஸ்ல ஜெனரேட்டர் இருக்கு. மேனேஜர்ட்ட கேட்டுட்டேன்" என்றாள். அண்ணாச்சி ஒரு குட்டி யானை வண்டி பிடித்து வந்தார். ஸ்டீரிங்கை மடியில் வைத்துக்கொண்டு சட்டத்தோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். சிக்னலில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பைல் அடுக்கிய பீரோக்களுக்கு நடுவே ஓட்டி, மூன்றாவதாக வந்தேன். செல்வி ஆபீஸ் என்பதையும் மறந்து கைதட்டினாள். பட்டியலில் இப்போது நான் நான்காவது. புனேக்காரன் ஒருவனும் அதே புள்ளியில். கடைசி ரேஸில் எங்களில் யார் முன்னால் வருகிறானோ அவன் மேலே போவான், மற்றவன் வீட்டுக்குப் போவான்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்த மேனேஜர், பீரோக்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"செல்வி, இந்த ரூம்ல ஒரு விஷயம் இவ்வளவு வேகமா நகர்ந்ததை நான் இன்னைக்குத்தாம்மா பாக்கேன்."

பிளாஸ்டிக் நாற்காலி

கடைசி ரேஸ் ஞாயிற்றுக்கிழமை மாலை. சொல்லாமல் கொள்ளாமல் ஏரலிலிருந்து அப்பா வந்து நின்றார். என் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெடு முடிகிற நாள், ஆளைக் கையோடு கூட்டிப் போக வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். திரையில் எந்தக் கார் என்னுடையது என்று செல்வி அவருக்குக் காட்டிக்கொடுத்தாள்.

நான்கு சுற்று பாக்கி. புனேக்காரன் எனக்கு நேர் முன்னால். கொண்டை ஊசி வளைவில் நான் ஒரு கண்ணிமைப்பு தாமதமாக பிரேக் போட்டேன். என் மூக்கு அவன் பின்புறத்தில் இடித்தது. அவன் பம்பரமாகச் சுற்றிப் புல்லில் போய் நின்றான். நான் முன்னால் போய்விட்டேன். தப்பு என்னுடையது, சந்தேகமே இல்லை. எங்கள் லீக்கில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. இடித்து முந்தினால், அடுத்த நேர்ரோட்டில் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விட வேண்டும். விடாவிட்டால் ரேஸ் முடிந்தபின் நடுவர்கள் பார்ப்பார்கள். பாதி நேரம் சாதாரண உரசல் என்று விட்டும்விடுவார்கள். என் காதில் வழி சொல்கிற கூட்டாளி, கோயம்புத்தூர் விவேக், "அண்ணா போயிருங்கண்ணா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கெஞ்சினான்.

என் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுபட்டுவிட்டது. நல்லவன் என்று காட்ட அல்ல. அப்படிப் போய்விட்டு, அதை என் தொழில் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. பந்தியில் அப்பா முகம் திருப்பியது போதாதா, நானே வேறு திருப்பிக்கொள்ள வேண்டுமா? ஓரமாக ஒதுங்கி ஊர்ந்தேன். "எய்யா, வண்டி நின்னுபோச்சா?" என்றார் அப்பா. "நான்தான் நிறுத்துதேன்ப்பா. அவனை இடிச்சிட்டேன். அவன் போவட்டும்" என்றேன். புனேக்காரன் கடந்து போனான். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று சுற்று அவன் வாலைப் பிடித்தபடியே போனேன். கடைசிச் சுற்று, கடைசி வளைவுக்கு முந்தின நேர்ரோடு. வலது பக்கம் இறங்கி, அவன் பிரேக் போட்ட இடத்தையும் தாண்டிப் போய் ஏறி மிதித்தேன். இரும்புக் கட்டைகள் இம்மிகூட அசையவில்லை. அவன் மேல் தூசிகூடப் படாமல் உள்பக்கமாகத் திரும்பி முன்னால் வந்தேன். அவனுக்கு அரை வண்டி முன்னால் கோட்டைத் தாண்டினேன். நான் போட்ட கத்தலில் அண்ணாச்சி மேலே ஓடி வந்துவிட்டார். புனேக்காரன் எல்லோர் முன்னாலும் வாழ்த்து எழுதினான். அப்பா நாற்காலியை மடிப்பது மாதிரி தடவிப் பார்த்தார், அது மடிக்கிற நாற்காலி இல்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஏரல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

முதல் பிரிவில் ஒரு டீம் என்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. அந்தக் கடிதத்தைக் காட்டலாம் என்று அடுத்த வாரம் கடைக்குப் போனேன். வாசலில் தொங்கிய வாளிகளுக்கு இந்தப் பக்கம் நான் நின்றது உள்ளே தெரியவில்லை. இட்லிக் கொப்பரை வாங்க வந்த ஓர் அம்மா, "மவன் இப்ப என்ன பண்ணுதான் அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்பா கொப்பரையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். கடிதத்தை எடுக்காமல் அங்கேயே நின்று அழுதேன்.

"ரேஸ் ஓட்டுதாம்மா. தெரியாம இடிச்சிட்டா நின்னு அவனை மொதல்ல போவ விடுவான், பொறவு முந்துவான்."

ஆக மொத்தத்தில், நகராத வண்டியில் ஒரு சீசன் முழுக்க ஓடி அப்பாவின் வாயிலிருந்து 'ரேஸ்' என்ற சொல்லை வரவழைத்த நான், ஓட்டப்பிடாரத்து மாமாவின் பிரிண்டரை மட்டும் இன்னும் முந்த முடியாமல் மாதத்துக்கொரு தடவை போய்ப் பேப்பர் உருவிக்கொண்டிருக்கிறேன்.