றெக்கை முளைச்சதும்

அவர் வரும்வரை இரண்டு நாள் நான் ஏன் பொறுக்கவில்லை? கப்பலூரிலிருந்து சைக்கிளில் கோழிக்குஞ்சு விற்க வரும் அந்த மெலிந்த மனிதர், விற்ற குஞ்சுகளையும் வாரமொருமுறை பார்ப்பார். நான் வாங்கிய ஆறு குஞ்சுகளும் கதகதப்புக்காக இருந்த, பல்பு எரியும் பெட்டிக்குள் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார்.

"றெக்கை முளைச்சதும் வெளிய விடுங்க தாயி" என்றிருந்தார்.

படித்தவள் நான், றெக்கை என்றால் இறக்கை என்றே எடுத்துக்கொண்டேன். இறக்கை விரிந்ததும், முதுகு மொட்டையாக இருந்ததைக் கண்டும், முற்றத்தில் விட்டேன். மாலை மழையில் ஆறும் விறைத்துப்போயின.

அவர் வந்து கேட்டுவிட்டு, "முதுகு மூடுற றெக்கையச் சொன்னேன். நாந்தான் வெவரமாச் சொல்லல" என்றார். அழுத என் மகளிடம் இரண்டு குஞ்சுகளைக் கொடுத்தார். முதுகைப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை.

பிறகு அவர் வரவேயில்லை. பெயர் தெரியாதவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.